நடுவுல ரெண்டு புள்ளி

தீபன்னு பேரு, வயசு இருபத்தெட்டு. ஊரு மன்னார்குடி, இப்ப இருக்கிறது மலேசியாவுல ஈப்போ. மூணு வருசமா பேராசிரியர் புஷ்பலதாகிட்ட ஆராய்ச்சி மாணவன்.

மாத்திரை அளவுல ஒரு கருப்பு வில்லை. அதக் கடுங்குளிர்ல வச்சா, ஒரு கட்டத்துல கரண்டுக்குத் தடையே இல்லாம போயிரும். அதுல நானோ தூள் கலந்தா, அவ்வளவு குளிரு இல்லாமலே அது நடக்குமான்னு பாக்குறதுதான் அந்தம்மாவோட முப்பது வருச வேலை. போன வருசம் தீபன் அளந்தப்ப நடந்துச்சு. வரைபடத்துல தடையோட கோடு சர்ர்னு பூஜ்யத்துல விழுந்துச்சு. கட்டுரையும் வந்துச்சு.

போன வியாழக்கிழமை அந்த வில்லைய எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாத்தான். கம்பி ஒட்ட வெள்ளிப் பசையில நாலு புள்ளி வைக்கணும். நடுவுல உள்ள ரெண்டும் பரவி, மயிரிழை இடைவெளியில நின்னுச்சு. குளிர்ல கம்பி இழுத்தா ரெண்டும் தொட்டுக்கும். தொட்டா மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், வில்லை எதுவா இருந்தாலும். போன வருசம் அளந்த அன்னிக்கு ஃபோன தோள்ல இடுக்கிக்கிட்டு, அம்மாகூடப் பேசிக்கிட்டேதான் பசை தடவுனான்.

சனிக்கிழமை தீபனையும் கூட்டிக்கிட்டு அந்தம்மா கார்லயே ஆயர் தாவார் போனாங்க. அவங்க பொறந்த ரப்பர் தோட்டம் இப்ப செம்பனை, அதான் பாமாயில் மரம். கோயில் திருவிழாவுல அவங்களுக்கு மாலை போடுறாங்க, ரிட்டயர் ஆகப் போறாங்கள்ல. வாசல்ல பேனரு. அதுல அந்தம்மா மொகம், பக்கத்துல தீபனோட கோடு.

"இது என்னா, ஒடஞ்ச படிக்கட்டு மாதிரி?" அந்தம்மாவோட அக்கா காளியம்மா சிரிச்சாங்க. "இதுக்கா தங்கச்சி முப்பது வருசம்?"

அவங்க அந்தப் பக்கம் போனதும் தீபன் சொன்னான். "மேடம், அந்தக் கோடு தப்பு. நடுப் புள்ளி ரெண்டும் தொட்டுக்கிச்சு. நான்தான் சரியா வைக்கல. பிரிச்சு வச்சுத் திரும்ப அளந்தேன்."

"எத்தன தடவ?"

"நாலு. நாலும் பழைய கடுங்குளிர்லதான் விழுது."

அந்தம்மா கழுத்து மாலையிலேருந்து ஒரு பூவப் பிச்சாங்க. "கட்டுரைய வாபஸ் வாங்கணும்லா. அது இல்லாட்டி ஒன் படிப்பு முடியாது. இங்க தங்குற ஸ்டூடண்ட் பாஸும் அடுத்த மாசத்தோட சரி. தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்பறம் ஏண்டா சொன்னே?"

"தெரியல மேடம்."

மைக்கு அந்தம்மா கைக்கு வந்துச்சு. "அந்தப் பேனர்ல உள்ள கோடு தப்பு. கழட்டிருங்க." எல்லாரும் கை தட்டுனாங்க. எவ்ளோ அடக்கம் பாருன்னு ஒருத்தர் சொன்னாரு. காளியம்மா பேனர மடிச்சு சோத்துப் பானைக்கு அடியில போட்டாங்க. தீபன் சாப்புட்டான். புளியா காரமான்னு நாக்குக்குத் தெரியல.

திங்கக்கிழமை அந்தம்மா கட்டுரைய வாபஸ் வாங்குறதா பத்திரிகைக்குக் கடிதம் அனுப்புனாங்க. பிழை யாரோடதுங்கிற எடத்துல 'எங்களுடையது'ன்னு இருந்துச்சு. தீபன் அதப் படிச்சான், பசைப் புட்டிய மூடி வச்சான், ஊருக்கு டிக்கெட்டு பாத்தான். அழுக வரல.

அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், அவங்களுக்கு முழுசாப் படிச்சுக் காட்டுங்க. பசை தடவுறப்ப பேசுன அந்த ஃபோன் பேச்ச மட்டும் விட்டுருங்க.