கிரேசியின் நோட்டை நான் எழுதிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் பெரிய மனதோடு சொல்வீர்கள். அவசரப்படாதீர்கள். இது ஒரு டாக்டரிடம் சொன்ன பொய். எழுதியவன் நான். என் எழுத்தை ஒரு வரி விடாமல், முழு நம்பிக்கையோடு படித்த ஒரே வாசகர் அந்த டாக்டர்தான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆண்டு 1976. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக இருந்தேன். பெயர் சங்கரபாண்டியன், ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். பத்திரிகைகளில் மூன்று கதைகள் வந்திருந்ததால் ஆசிரியர் அறையில் எனக்கு எழுத்தாளர் என்று பட்டம். பட்டத்தின் பலன், லீவு லெட்டர் எழுத வேண்டுமென்றால் எல்லாரும் என்னிடம் வருவார்கள்.

2

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

‘முத்துக் குளிக்கும் கரையில் சூரியன் எழுந்தபோது’

வேண்டாம். தூத்துக்குடி என்றதும் முத்தைக் கையில் எடுக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அங்கே ஏழு வருடம் இருந்தேன், ஒரு முத்தைக் கண்ணால் கண்டதில்லை. கண்டதெல்லாம் உப்பும் லாரியும் காயப்போட்ட கருவாடும்தான்.

‘எட்டு வயதுக் கிரேசி காலையில் எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு’

இதுவும் முடியாது. கிரேசி வருகிற வாக்கியம் எதுவும் முடிவதில்லை. பாதி தேய்க்கும்போதே தெருவுக்கு ஓடிவிடுவாள். தண்ணீர் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு மீன் படகுகள் நிற்கும் திரேஸ்புரம் கரைக்குப் போய், சாப்பாட்டுத் தூக்கில் உயிருள்ள நண்டோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை அவள். நண்டுக்கு என் பெயரை வைத்திருந்தாள்.

அவளுடைய அம்மா ஞானசௌந்தரி டீச்சர், எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு எடுப்பவர். அப்பா ஜெபசிங் துறைமுக ஆபீசில் கிளார்க். நாசரேத் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம், படித்தவர்கள், குரல் உயர்த்தாதவர்கள். அவர்களுக்கு எப்படி இப்படி ஒன்று என்று ஊரே வியந்தது. அடுத்த ஜூனுக்குள் பிள்ளை ஒரு இடத்தில் உட்காராவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

3

டாக்டர் வன்னியபெருமாள் முதலில் ஒரு சிரப் கொடுத்தார். பிள்ளையைச் சாந்தப்படுத்தும் என்றார். சிரப்புக்கு அது தெரியவில்லை. இரண்டே வாரத்தில் கிரேசி பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடித்தாள், சிலேட்டை ஜன்னல் வழியாக எறிந்தாள், எறிந்துவிட்டு சிலேட்டுக்காக ஒரு மணி நேரம் அழுதாள். நான் சமாதானப்படுத்தப் போய்

(இந்த இடத்தில் நான்கு வரி இருந்தது. என் சட்டைப்பை கிழிந்த சம்பவம். கதைக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். சட்டை புதுசு.)

சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து தலைகீழாக வேலை செய்யும் என்று டாக்டரே ஒப்புக்கொண்டு, சிரப்பை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். பதிலுக்கு ஒரு வெளிநாட்டு மாத்திரை. டாக்டர் கொடுத்த சீட்டோடு, கப்பலில் வேலை பார்த்த ஜெபசிங்கின் தம்பி தேவதாசன் வாங்கிவந்தார். காலையில் அரை மாத்திரை.

“மருந்து மாத்தியிருக்கேன்” என்றார் டாக்டர். “பிள்ள எப்படி மாறுதுன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதுங்க. சாப்பாடு, தூக்கம், அழுக, சிரிப்பு, ஒண்ணு விடக்கூடாது. நாப்பது நாள் கழிச்சி அதப் பாத்துத்தான் கூட்டுததா, குறைக்கதா, நிறுத்துததான்னு சொல்லுவேன். நான் பிள்ளையப் பாக்கது பத்து நிமிசம். நோட்டுதான் எனக்குக் கண்ணு.”

4

நான்காம் நாள் கிரேசி உட்கார்ந்தாள். மணி அடித்து மணி அடிக்கும்வரை உட்கார்ந்தாள். கணக்கை முடித்தாள். எழுத்து வரிசையாக நின்றது. கவனித்தீர்களா, இந்தப் பகுதியில் என் வாக்கியங்களும் ஒழுங்காக முடிகின்றன. எழுத மிகவும் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகம்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பெற்றோரின் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் ஞாயிறே சபையில் ஸ்தோத்திரம் ஏறெடுத்துவிட்டார்கள். ஒரு நன்மை நடந்தால் குடும்பத்தார் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், ஆராதனையில் போதகர் ஐயர் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார். ‘திரு. ஜெபசிங் குடும்பத்தார், மகள் கிரேசிக்கு ஆண்டவர் பூரண அமைதி தந்ததற்காக.’ முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். அந்த மாத்திரை நம்ம வீட்டுக்காரருக்கும் கேட்குமா என்று ஒரு அம்மாள் வாசலில் விசாரித்தாராம்.

சபை சொன்ன ஆமென் கொஞ்சம் சீக்கிரம். மூன்றாம் வாரத்தில் கிரேசி மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். கேட்ட கேள்விக்கு ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இடது புருவத்து முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மாத்திரையின் வேகம் இறங்குகிற சாயங்காலங்களில் காரணம் இல்லாமல் விசும்பினாள்.*

* இந்தக் கதையை முன்பு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ‘பாத்திரம் ஒருமையாக இல்லை. முதலில் குதிக்கிறாள், பிறகு கடிக்கிறாள், பிறகு கல்லாகிறாள். இவளுடைய உண்மைக் குணம் எது?’ என்று திரும்பி வந்தது. ஐயா, அதைத்தான் அவளைப் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

5

ஞானசௌந்தரி டீச்சர் ஒரு மதியம் நோட்டோடு என்னிடம் வந்தார்.

“சார், இத நல்லா எழுதித் தாங்க. நான் எழுதுனா வேற மாதிரி வந்துருது.”

“என்ன டீச்சர் எழுதணும்?”

“நல்லா இருக்கான்னு.”

“நல்லா இருக்காளா?”

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “சபையில ஸ்தோத்திரம் ஏறெடுத்தாச்சு சார். எல்லாரும் கேட்டாவ. இப்பப் போயி பிள்ள திங்க மாட்டேங்கா, அழுதான்னு சொன்னா, ஆண்டவர் தந்தத வேண்டாம்னு திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிராதா? ஜூன் மாசம் வேற வருது.”

ஆண்டவர் முன் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டும். எனக்கு அதில் இருந்த கோணல் தெரியத்தான் செய்தது. ஆனாலும் ஒருவர் நம்மிடம் வந்து, நீங்கள் அழகாக எழுதுவீர்கள் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நோட்டை வாங்கிக்கொண்டேன்.

பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்கினேன். ஒரு மாதிரி:

‘பத்தொன்பதாம் நாள். கிரேசி இன்று முகம் மலர்ந்து சிரித்தாள். மதிய உணவை விரும்பி உண்டாள். மாலையில் தந்தையோடு துறைமுகம் சென்று கப்பல்களைக் கண்டு களித்தாள்.’

‘கண்டு களித்தாள்’ என்ற இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். அவ்வளவு திருப்தி.

பத்தொன்பதாம் நாள் நடந்ததை ஜெபசிங் பிறகு சொன்னார். கிரேன் மூட்டை தூக்குவதைப் பார்த்தால் கிரேசி முன்பெல்லாம் அதற்குக் கட்டளை போட்டுக் கத்துவாளாம். அன்றைக்கு அப்பா தூக்கிக் காட்டியும், “வீட்டுக்குப் போவமா?” என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

“எனக்கு அந்தப் பழைய வானரமே போதும் சார்” என்றார் ஜெபசிங். “கடிக்கட்டும், எறியட்டும். வீட்டுல இப்பம் யாரோ ஒரு விருந்தாளிப் பிள்ள இருக்க மாதிரி இருக்கு.”

“டீச்சர்ட்ட சொன்னியளா?”

“அவட்ட எப்படிச் சொல்ல?” என்றார்.

6

முப்பத்தைந்தாம் நாள் கிரேசியே என்னிடம் வந்தாள். அம்மாவின் பையிலிருந்து நோட்டை எடுத்துவந்திருந்தாள். பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

“சார், இதுல நான் சிரிச்சேன்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“எதுக்குச் சார் சிரிச்சேன்?”

காரணத்தை நான் எழுதவில்லை. யோசிக்கவே இல்லை. சிரித்தாள் என்று எழுதிவிட்டு, அடுத்த அழகான சொல்லைத் தேடப் போய்விட்டேன். அவள் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மறந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பாள் போல. பிறகு “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அழகுபடுத்தாமல் விடுகிறேன்.

7

நாற்பதாம் நாள், டாக்டர் வீட்டு முன்னறை. ஜெபசிங் என்னையும் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்துவிட்டார். டாக்டர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நடுவில் தலையாட்டினார். இரண்டு இடத்தில் புன்னகைத்தார். இப்படி ஒரு வாசகர் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“அருமையா எழுதியிருக்கீங்கம்மா” என்றார் ஞானசௌந்தரியிடம். “அரை மாத்திரைக்கே இவ்வளவு குணம்னா இனி முழுசாக் குடுத்திரலாம். ஜூனுக்குள்ள பிள்ள முதல் ராங்க்.”

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: ஜெபசிங் எழுந்து “வேண்டாம் டாக்டர்” என்கிறார். நல்ல முடிவு. ஆனால் சபையில் வாசித்த ஒன்றை மனைவி முன்னால் மறுத்துப் பேசுகிற ஜெபசிங்கை என்னால் நம்ப முடியவில்லை. என்னைப் பார்த்துத்தான் கண்ணைக் காட்டுவார்.

இரண்டாவது: கிரேசி நோட்டைப் பிடுங்கிக் கிழித்து எறிகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். பழைய கிரேசி செய்வாள். இந்தக் கிரேசி செய்ய மாட்டாள், அதுதானே விஷயம்.

மூன்றாவது: நான் உண்மையைச் சொல்கிறேன். இதைப் பதினோரு தடவை எழுதினேன். பதினோரு தடவையும் மிக நன்றாகப் பேசுகிறேன். ஒரு தடவைகூட நாக்குக் குழறவில்லை. அதனாலேயே அதை நம்பாதீர்கள்.

அப்படியானால் நடந்தது என்ன என்று கேட்பீர்கள். சொன்னேன் என்றால் என்னை நல்லவன் என்பீர்கள். சொல்லவில்லை என்றால், அதை ஒளிக்காமல் எழுதியதற்காக நேர்மையானவன் என்பீர்கள். இரண்டிலும் லாபம் எனக்கே. கிரேசிக்கு ஒன்றும் இல்லை. அதனால் சொல்லப்போவதில்லை.

நாற்பதாம் நாளின் பக்கத்தை மட்டும் நான் எழுதாமல் விட்டிருந்தேன். அதில் இருந்திருக்க வேண்டியது இது: காலையில் அரை இட்லி. பேச்சு இல்லை. சிரிப்பு இல்லை. இடது புருவம் மையால் வரைந்தது. வாழ்நாளில் மை தொடாத ஞானசௌந்தரி டீச்சர் கடைக்குப் போய் வாங்கி, மகளின் முகவாயைப் பிடித்து நிறுத்தி வரைந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி போட்ட டாக்டருக்கு அது புருவமாகவே தெரிகிறது.

டீச்சர் தரையைப் பார்க்கிறார். ஜெபசிங் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். டாக்டர் சீட்டை இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, தேதி போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்துகிறார்.

“அங்கன பின்னால நிக்கது யாரு? இவ்வளவு நேரமும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிக்கியளே, நீங்க எதாவது சொல்லணுமா?”

உங்களைத்தான் கேட்கிறார்.