இரண்டு அங்குலம்

என் தங்கையின் முதுகெலும்பை அவளைப் பெற்றவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் தையல்காரி. அவளுக்கு நான் தைத்த எந்தச் சட்டையிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருந்ததில்லை. சின்ன வயதிலேயே பக்கவாட்டில் வளையத் தொடங்கிய எலும்பு அது. வலது விலா புடைத்து, இடது தோள் இறங்கி நிற்கும். இறங்கிய தோள் பக்கம் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைப்பேன். தெருவில் போகிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு செல்போன் கடைக்காரன் வந்தான். அவளுக்கு அவன் என்றால் உயிர். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கோணல் முதுகைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவன் என்று எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவனும் யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவான். பாராட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்புவான்.

கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலாக்கூடு திருகிக்கொண்டு நுரையீரலை அழுத்துகிறது, இப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். முதுகைத் திறந்து, முள்ளெலும்புகளில் திருகாணிகளை இறக்கி, இரண்டு கம்பிகளை வைத்து நிமிர்த்தினார்கள். அவள் பட்ட வலியை எழுத எனக்குத் தெம்பில்லை. முதல்முறையாக மாடிப்படியில் நிற்காமல் ஏறி வந்தாளே, அன்றைக்கு வெட்கமில்லாமல் அழுதேன்.

நிமிர்ந்ததில் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டாள். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கடைக்காரன் ஏற்கெனவே குள்ளம். ஒரு மாலை ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தான். அவள் ஆசையாக எழுந்து நின்றாள். அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, கடையில் அவசர வேலை என்று போய்விட்டான்.

அடுத்து அவனைப் பெற்றவள் வந்தாள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பார்க்க நன்றாக இருக்காதே என்று சுற்றி வளைத்தாள். தட்டைச் செருப்பு போட்டுக்கொள்ளட்டும் என்றார் எங்கள் அப்பா. தங்கை போட்டிருந்ததே தட்டைச் செருப்புதான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது எங்கள் அம்மா வேலை.

"நாலு பேர் முன்னாடி மட்டும் கொஞ்சம் கூனி நின்னுக்கட்டுமே."

"அவளால முதுகை வளைக்கவே முடியாதும்மா. உள்ள கம்பி இருக்கு," என்றேன்.

வந்தவள் அதுவும் வேறயா என்று எழுந்துகொண்டாள். இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. மறுவாரம் வேறு இடம் பார்க்கிறோம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். சனியன் விட்டது என்றேன் நான். தங்கை சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமலே எழுந்து போனாள்.

அடுத்த மாதம் டாக்டரிடம் காட்டப் போனோம். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு அவர் பூரித்துப் போனார். இரண்டு இளம் டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கழுத்திலிருந்து இடுப்புவரை எலும்புகள் வரிசையாக, நேராக நின்றன. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் அவளிடம்.

"இதைக் கொஞ்சமா திரும்ப வளைச்சு விட முடியுமா டாக்டர்? ரெண்டே அங்குலம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இளம் டாக்டர்களும் சிரித்தார்கள். என் தங்கை பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.