டீச்சர் சொன்ன காய்ச்சல்

ஐந்தாம் வகுப்பே குனிந்து பயிற்சி விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் நடக்கும் பொதுத் தேர்வு நாளைக்கு. அதற்காகப் பாட்டு, படம், விளையாட்டு எல்லாவற்றையும் எப்போதோ ஏறக்கட்டியாயிற்று.

வாயாடி மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை வைத்ததே டீச்சர்தான். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லுவாள். தானே படித்து வட்டம் போடச் சொன்னால், எழுத்துக் கூட்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

தலைமையாசிரியர் டீச்சரைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு எழுதினா சராசரி விழுந்துடும். இந்தத் தடவையும் விழுந்தா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. பாத்துச் செய்ங்க."

டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயம். மாலையில் வாயாடியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுலயே இருந்துடும்மா."

"எனக்குக் காய்ச்சல் இல்லியே டீச்சர்?"

"நீ வராம இருந்தா பள்ளிக்கூடத்துக்கு நல்லது. யார்கிட்டயும் சொல்லாத."

பள்ளி தப்பித்தது. பாராட்டுக் கூட்டத்தில் டீச்சருக்குத்தான் கைதட்டல் அதிகம். அதன்பிறகு வகுப்புத் தேர்வு என்றாலே வாயாடி வருவதில்லை. போகப் போக மற்ற நாட்களிலும் அவள் இடம் காலியாகவே கிடந்தது. மனசு கேட்காமல் டீச்சர் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா பதறி எழுந்தாள். "காலைல ஆனா காய்ச்சல்ங்கறா டீச்சர். தொட்டா சூடே இல்ல. டாக்டரும் ஒண்ணுமில்லன்னுட்டார். பொய் சொல்றான்னு நேத்து அடிச்சே புட்டேன்."

டீச்சர் கட்டிலருகே போய்க் குனிந்தார். வாயாடி அவர் காதோரம் மெல்லச் சொன்னாள். "அடிச்சப்பவும் நான் சொல்லல டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து அவள் அம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "பிள்ளைக்கு என்ன வரலன்னு தெரிஞ்சுக்கத்தாம்மா பரீட்சை. அது வராத பிள்ளைக்குச் சொல்லித்தரத்தான் பள்ளிக்கூடம். மார்க்குக்குப் பயந்து நான் ரெண்டையும் மறந்துட்டேன். தப்பு என்னோடது. நாளைக்கு இவளை அனுப்புங்க, பக்கத்துல உக்காந்து நானே படிக்க வைக்கிறேன்."

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அனுப்பறேன் டீச்சர். ஆனா, தான் வந்தா பள்ளிக்கூடத்துக்குக் கெடுதல்னு இவ நெனச்சுக்கிட்டு இருக்காளே, அத யாரு மாத்துவா?"