கிளன்மோர் கோப்பையின் கடைசி ஆட்டம்

கிளன்மோர் ஓட்டலில் டென்னிஸ் ஆடித் தோற்றவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும். மலையில் எல்லாருக்கும் இது தெரியும். பஸ் கண்டக்டர்கூடத் தோற்றவர்களுக்கு டிக்கெட் கிழிக்கமாட்டார்.

முதல் சுற்றில் தோற்றால் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. கால் இறுதி என்றால் வரவேற்பு மேஜை. அரை இறுதியில் தோற்றவர்கள் சமையலறைக்குப் போனார்கள். கிளன்மோரில் சாப்பாடு நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மேனேஜர் திருவேங்கடம் தனி ரகம். அவர் ஆட வந்த அன்று எதிராளி வரவில்லை. அப்படியும் தோற்றார். இப்படி ஒரு காரியத்தை அதுவரை யாரும் செய்ததில்லை என்பதால் அவரை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள்.

போட்டி நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று. அதையும் சேர்த்து ஓட்டலின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுத ஆள் தேடினார்கள். கோவில்பட்டியிலிருந்து மாரிக்கனி வந்தாள். சரித்திரத்தில் எம்.ஏ. அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை, அந்த வாசலுக்கு சிமெண்ட் பூசிய அப்பாவைத் தவிர.

அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம் மக பேரு புஸ்தகத்து மேலயே வரப்போவுது." தீக்குச்சி அடுக்குகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். அந்த ஆபீஸில் பேச்சுக் கேட்பதற்காகக் கை நின்றது அதுதான் முதல் தடவை.

மாரிக்கனி ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். ஓட்டலில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து தாங்கள் தோற்ற கதையைச் சொன்னார்கள். எல்லாருக்கும் வெயில் கண்ணில் பட்டிருந்தது. எல்லாருக்கும் செருப்பு வழுக்கியிருந்தது.

எழுதி முடித்ததும் மேனேஜர் கூப்பிட்டார். அவர் அறை லிஃப்டுக்குள் இருந்தது. அவர் தன்னைப் பற்றிப் பேசினால் அது மேலே போகும். மற்றவர்களைப் பற்றிப் பேசினால் நிற்கும். மேஜையில் மாதிரி அட்டை கிடந்தது.

"இதுல உங்க பேரு இருக்கு சார்."

"ஆமா."

"எழுதுனது நான்."

"எழுதுறவங்க எழுதுவாங்க. பேரு வேற இலாகா. அதை நான் பாத்துக்கிறேன்."

லிஃப்ட் ஒரு மாடி ஏறியது.

"எம் பேரு எங்க?"

"நன்றி சொல்ற பக்கத்துல 'மேலும் பலர்'னு இருக்கு பாரு. அதைப் போடும்போது உன்னைத்தான் மனசுல நெனச்சேன்."

மாரிக்கனிக்கு உச்சந்தலை கொதித்தது. எழுதிய கையாலேயே ஒன்று வைக்கலாமா என்று யோசித்தாள். அம்மா நினைவு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யாரு சொன்னா இதை மாத்துவீங்க?"

"சாம்பியன் சொன்னா மாத்தணும். இந்த ஓட்டல்ல சாம்பியன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்ல. ஆனா சாம்பியனே இல்லயேம்மா. கடைசி ஆட்டம் இன்னும் முடியல."

"ஏன் முடியல?"

"கீழ போய்ப் பாரு. எனக்கு டீ வேளை."

மைதானத்துக்குப் போகும் தாழ்வாரம் ஆளைப் பார்த்து நீளும். விருந்தாளி என்றால் நாலு எட்டில் முடிந்துவிடும். மாரிக்கனியை அது ஏற இறங்கப் பார்த்தது. பிறகு நீள ஆரம்பித்தது.

சமையல்காரர் ஃபெலிக்ஸ் டீ கெட்டிலோடு அவளுக்குத் துணையாக வந்தார். அரை இறுதியில் தோற்றவர். நல்ல மனுஷர்.

"இது பரவால்ல தங்கச்சி. எனக்கெல்லாம் நடுவுல அடுப்பு மூட்டிச் சமைச்சுச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

மாரிக்கனி நின்றாள். தாழ்வாரத்தின் சுவரை முறைத்தாள்.

"ஒனக்குச் சுண்ணாம்பு அடிச்சது எங்கப்பன் மாதிரி ஆளுக. ரொம்ப அளக்காத. சுருங்கு."

தாழ்வாரம் சுருங்கியது. ஃபெலிக்ஸ் தாடையைத் தடவினார்.

"இப்படிச் சொல்லலாம்னு எங்களுக்குத் தோணவேயில்ல பாரு."

மைதானத்தில் இரண்டு பேர் வெள்ளை உடையில் நின்றார்கள். வலைக்கு இந்தப் பக்கம் டாக்டர் ஞானாபரணம். அந்தப் பக்கம் எஸ்டேட் முதலாளி அழகப்பன். இருவருக்கும் முழங்கால்வரை பாசி. அழகப்பனின் மட்டையில் ஒரு மைனா கூடுகட்டி அடைகாத்தது. பந்து வலையின் மேல் உட்கார்ந்திருந்தது.

நடுவரைக் காணோம். அவருடைய உயரமான நாற்காலி மட்டும் இருந்தது. வெகுநேரம் உட்கார்ந்ததில் நடுவர் அதற்குள் இறங்கிவிட்டார் என்று ஃபெலிக்ஸ் சொன்னார். இப்போது நாற்காலிதான் நடுவர்.

"நீங்க ஆரம்பிங்க டாக்டர்," என்றார் அழகப்பன்.

"சேச்சே. முதலாளி நிக்கும்போது நானா?"

"வயசுல மூத்தவரு நீங்க."

"ஒரு மாசம்தான மூப்பு. நீங்க போடுங்க."

"அது முறையில்ல."

"எப்பருந்துண்ணே இப்படி?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"ஆரம்பத்துலருந்தே இப்படித்தான். வேடிக்கை பாக்க வந்தவங்க பேரன் பேத்தி எடுத்துட்டாங்க."

அவள் டாக்டர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே மரியாதைதானா சார்?"

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். "மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. ஆட ஆரம்பிச்சா ஒருத்தன் தோக்கணும்ல. கடைசி ஆட்டத்துல தோத்தவனுக்குத் துணை மேனேஜர் வேலை."

"அந்தாளுக்குக் கீழ," என்றார் அழகப்பன் வலைக்கு அப்பாலிருந்து. "நின்னா கால்தான் வலிக்கும்."

மாரிக்கனிக்கு இது நியாயமாகத்தான் பட்டது. லிஃப்டை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். தீப்பெட்டி ஆபீஸில் அம்மா தலை குனிந்து நிற்பதையும் நினைத்துப் பார்த்தாள். இரண்டாவதைத்தான் தாங்க முடியவில்லை. வலைமேல் இருந்த பந்தை எடுத்தாள்.

"யாரது?" என்றது நாற்காலி.

"ஆட வந்துருக்கேன்."

"யாரோட?"

"ரெண்டு பேரோடவும். ஒரே ஆட்டம்."

"தோத்தா?"

"துணை மேனேஜர். தெரியும்."

"யோசிச்சுக்க தங்கச்சி," என்றார் ஃபெலிக்ஸ். "அந்தாளு டீ உறிஞ்சுற சத்தத்தைப் பக்கத்துல உக்காந்து கேட்டதில்லயே நீ. ஆயுசு முழுக்கக் கேக்கணும்."

"மட்டை எங்கே?" என்றது நாற்காலி.

"எங்க ஸ்கூல்ல மட்டையெல்லாம் வாங்கித் தரல. எறிபந்துதான். கையால பிடிச்சுக் கையால எறிவோம். மாவட்டத்துல ரெண்டாவது."

"ஏன் ரெண்டாவது?"

"மொத டீமுக்கு ஷூ இருந்துச்சு."

நாற்காலி யோசித்தது. யோசிக்கையில் அதன் ஒரு காலில் இலை துளிர்த்தது.

"பந்து வலைக்கு மேல போகணும்னுதான் விதியில இருக்கு. எதால போகணும்னு இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"கேட்டாத்தான சொல்லுவீங்க," என்றாள் மாரிக்கனி.

தோற்கப்போவது அவள்தான் என்ற தைரியத்தில் டாக்டர் பாசியோடு அந்தப் பக்கம் போய் அழகப்பன் அருகில் நின்றார். மாரிக்கனி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். எறிந்தாள்.

பந்து இருவருக்கும் நடுவில் போனது.

"எடுங்க டாக்டர்."

"நீங்க எடுங்க."

பந்து விழுந்தது. பதினைந்து என்றது நாற்காலி.

இரண்டாவது பந்து நேராக அழகப்பனிடம் போனது. மட்டையை ஓங்கினார். மைனா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. மட்டையை இறக்கிவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். முப்பது.

அதற்குப் பிறகுதான் டாக்டருக்கு உதறல் எடுத்தது. துணை மேனேஜர் வேலை கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மூன்று பந்தையும் வெறி பிடித்தவர்போல அடித்தார். ஒன்றும் அவள் கைக்கு அகப்படவில்லை. மூன்றாவது அவள் காதை உரசிக்கொண்டு போனது.

இப்போது மைதானத்தைச் சுற்றி ஓட்டலே கூடிவிட்டது. விரிப்பு துவைத்தவர்கள் ஈர விரிப்போடு வந்து நின்றார்கள். மேனேஜர் லிஃப்டை மைதானத்துக்கே ஓட்டிவந்து, வேலைக்குப் புது ஆள் கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மாரிக்கனிக்குத் தோள் லேசாகிவிட்டது. அடுத்ததை மூலைக்கு எறிந்தாள். சமம். அதற்கடுத்தது வலையை ஒட்டி விழுந்தது. இன்னும் ஒன்றுதான்.

டாக்டர் கடைசிப் பந்தையும் அடித்தார். வேகமாக வந்தது. அவள் குதித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். மூச்சு நின்று திரும்ப வந்தது. ஒரு கையால் உயரமாக எறிந்தாள்.

பந்து மேலே போய் ஒரு மேகத்துக்குப் பின்னால் கொஞ்சம் இருந்துவிட்டு இறங்கியது. மரியாதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். மோதிக்கொண்டார்கள்.

"மன்னிக்கணும் டாக்டர்."

"இல்ல இல்ல, தப்பு என்னுது."

"என்னுதுங்க."

பந்து அவர்கள் காலடியில் இரண்டு முறை குதித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"ஆட்டம் முடிந்தது," என்றது நாற்காலி. "சாம்பியன் மாரிக்கனி."

கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அதில் தோசை மாவு புளித்துக்கொண்டிருந்தது. அப்படியே கொடுத்தார்கள். அவளும் அப்படியே வாங்கிக்கொண்டாள்.

"தோத்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

கூட்டம் அசையவில்லை. டாக்டர் ஃபெலிக்ஸைப் பார்த்தார். "மத்தியானத்துக்கு என்ன?"

"மட்டன்."

"அப்ப சாப்பிட்டுட்டே போறோம்."

ஓட்டலின் சரித்திரம் என்பதால் உண்மையான அட்டை ஓட்டல் அளவுக்கே இருந்தது. அதைத் தூக்கி முன்சுவரில் சாய்த்தார்கள். மேனேஜர் சாயவாளியோடு ஏணியில் ஏறினார். தன் பேரை அவரே அழித்தார். எதிராளி இல்லாமல் செய்கிற வேலை என்பதால் சுத்தமாகச் செய்தார்.

மாரிக்கனி புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நடுவர் நாற்காலி இல்லை, வேறு. ஃபோனில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எம்மா, ஆபீஸ்ல எல்லாரும் இருக்காகளா? ஸ்பீக்கர்ல போடு. எழுத ஆரம்பிச்சுட்டாக."

"என்ன எழுத்துட்டி மொதல்ல?" என்று பின்னாலிருந்து பல குரல்கள் கேட்டன.

"'மா'."

மேனேஜர் மேலேயிருந்து குனிந்தார். "எந்த அளவுல போடணும்?"

"கோவில்பட்டியிலருந்து பாத்தா தெரியணும்."

அவர் 'மா'வின் காலைக் கீழே இழுத்தார். அது மூன்று மாடி இறங்கி, புல்வெளியைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே ரோட்டில் இறங்கிவிட்டது. பஸ் ஒன்று நின்று வழிவிட்டது. விரிப்பு துவைத்தவர்கள் அதன்மேல் ஈர விரிப்புகளைக் காயப்போட்டார்கள்.

"இதுக்கே பாதி சாயம் தீந்துபோச்சும்மா," என்றார் மேனேஜர்.

"மீதியக் கரைங்க சார். இன்னும் 'ரிக்கனி' இருக்கு. அப்புறம் எம்.ஏ."