பஸ்ஸுக்கு அடியில் தெரிந்த கால்கள்

நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது நான் பஸ்ஸைப் பார்ப்பதில்லை, அதற்கு அடியில் பார்ப்பேன். அங்கே கால் தெரிந்தால் ஆள் குறுக்கே வரப்போகிறது. இதற்காகவே என்னை மாட்டுவண்டி என்று கேலி பேசுவான் அன்பழகன். முட்டை வியாபாரி சுவாமிநாதனிடம் அவனும் ஒரு டிரைவர். ராசிபுரத்தில் ஹாரனில் வைக்கிற கையைச் சேலத்தில்தான் எடுப்பான்.

திங்கட்கிழமை காலை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு முட்டை லோடு. வெண்ணந்தூர் தாண்டி ஒரு டவுன் பஸ் நின்றது. வேகத்தைக் குறைத்து அடியில் பார்த்தேன். பஸ்ஸின் முன்பக்கமாக இரண்டு கால்கள் ஓடின. பிரேக்கை ஏறி மிதித்தேன். தலையில் கூடையோடு ஒரு அம்மா என் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றார். கண் தெரியவில்லையா என்று என்னைத்தான் திட்டினார். திட்டிவிட்டுப் போயே போய்விட்டார். பின்னால் அட்டை அட்டையாகச் சரிந்த முட்டை உடைந்து ரோட்டில் ஒழுகியது.

முதலாளி நம்பவில்லை. தூங்கியிருப்பாய் என்றார், செல்போன் பார்த்திருப்பாய் என்றார். இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காதவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அந்த அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை தப்பிக்கும் என்று நம்பினேன், முட்டாப்பயல்.

மறுநாள் அதே ஸ்டாப்பில் காத்திருந்தேன். வந்து இறங்கினார். பெயர் குஞ்சம்மாள், வீடு வீடாகக் காய்கறி விற்கிறவர். சண்டைக்கு வருவார் என்று நினைத்தால், விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. தப்பு தன்னுடையதுதான், யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். பார்க்காமல் ஓடி வந்ததை முதலாளியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

முதலாளி கோபப்படவில்லை. கணக்குப் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"நம்பறேன் பச்சமுத்து. ஆனா வண்டி அந்தப் பொம்பள மேல பட்டிருந்தா முட்டைக்காவது இன்சூரன்ஸ் வந்திருக்கும். ஒண்ணுமே ஆகாததுக்கு எவன் குடுப்பான்? சாவிய அன்பழகங்கிட்டக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ."

போன் அணைந்தது. குஞ்சம்மாள் தலைக்கூடையை இறக்கி வைத்தார்.

"அந்தப் பொம்பளன்னு அவரு என்னயவா சொல்றாரு, சாமி?"

"ஆமாங்கம்மா" என்றேன்.