வடக்குப்பட்டில் ஜல்லி ரொட்டியான நாற்பது நாட்கள்

ஏப்ரல் 4, சனி. பிப்ரவரி 19-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. வடக்குப்பட்டு மனைப்பிரிவுப் பாதையில் இசக்கிசெல்வி நின்ற இடத்தில் ரொட்டியாக மாறிய கற்கள் ஏழு என்று எழுதியிருந்தேன். ஒன்பது. இரண்டைப் பாண்டிச்செல்வி யாரும் வருவதற்கு முன் தின்றுவிட்டாள். அதை இன்றைக்குத்தான் சொன்னாள். நாற்பது நாளும் இன்றோடு முடிந்ததால், பிழையைத் திருத்திவிட்டு, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நேரில் பார்க்காததை யார் சொன்னார் என்று அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

இசக்கிசெல்வி தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. இருபத்து மூன்று வயது. ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. வடக்குப்பட்டில் அம்சவல்லி கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பதினான்கு அறைகளில் ஆறாவது அறையில், அதே ஊர்க்காரியான பாண்டிச்செல்வியோடு தங்கியிருக்கிறாள். ஆறு மாதமாக மண்ணூரில் செல்போன் கடை மாடியில் நடக்கும் மாலை வேதாகம வகுப்புக்கு வருகிறாள். திங்களும் வியாழனும் வகுப்பு. நடத்துபவர் ஆறுமுகநயினார், பகலில் பம்ப் ஃபிட்டர். வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் அந்த வாரம் தனக்கு வந்த சோதனையைச் சொல்ல வேண்டும். நின்றாரா விழுந்தாரா என்று பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. இசக்கிசெல்வியின் பெயருக்கு நேரே ஆறு மாதமாக 'விழுந்தார்' தவிர வேறு சொல் இல்லை. டீயை விட்டாள், நாலாம் நாள் குடித்தாள். போனில் ரீல்ஸ் பார்ப்பதை விட்டாள், மூன்றாம் நாள் சார்ஜ் தீரும்வரை பார்த்தாள். லைன் லீடரைப் பற்றிப் புறம்பேசுவதில்லை என்று ஒரு காலையில் தீர்மானித்து, அன்று மத்தியானமே பேசினாள். ஆகவே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச காலம் தொடங்கியபோது, ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள், காலையிலிருந்து மாலை ஆறு மணிவரை தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டேன் என்று அவள் பொருத்தனை செய்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றாள். எதற்காக என்று கேட்டதற்கு, ஒரு தடவையாவது சொன்ன சொல்லில் நின்று பார்க்க வேண்டும், வேறு விண்ணப்பம் இல்லை என்றாள்.

"ஏட்டி, ஒன் பொருத்தனைக்கு ஆயுசு நாலு நாளு. அஞ்சாம் நாளு பரோட்டாக் கடையில பாப்போம்" என்றாள் பாண்டிச்செல்வி.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து இருவரும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, மனைப்பிரிவுக்குப் போட்டுவைத்த ஜல்லிப் பாதையில் நடந்து வரும்போது, மூன்று மணி சுமாருக்கு, இசக்கிசெல்விக்குத் தலை சுற்றியது. நின்றாள். காலைச் சுற்றிக் கிடந்த கற்கள் ரொட்டியாயின. முதலில் நிறம் மாறியது, பிறகு வாசம் வந்தது, சூடு கடைசியாக வந்தது. அதன்பின் தினமும் இது நடந்தது. பசி நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள் இருக்கும், கையால் தூக்கக்கூடிய எந்தக் கல்லும் ரொட்டியானது. ஜல்லி ரஸ்க் மாதிரி மொறுமொறுப்பாக இருந்தது, கூழாங்கல் பன் போல மெத்தென்று இருந்தது, கருங்கல் துண்டுக்குக் கேழ்வரகு நிறம். செங்கல் மாறவில்லை. மாலை ஆறுக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் எதுவும் மாறவில்லை. மாறியது திரும்பக் கல்லாகவும் இல்லை. அவள் கையில் எடுத்தாலும் ரொட்டி ரொட்டியாகவே இருந்தது. கடினம் அதில்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு கூழாங்கல்லை மூக்குவரை கொண்டுபோய், கண்ணை மூடி, பத்து வரை எண்ணி, வைத்துவிட்டதாகப் பாண்டிச்செல்வி சொன்னாள். வைத்ததைப் பாண்டிச்செல்வியே எடுத்துத் தின்றாளாம்.

முதல் சேதம் அம்சவல்லியின் சின்ன அம்மி. வாடகை அறைகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அது கிடந்தது. இசக்கிசெல்வி குடம் நிரப்பி முடிப்பதற்குள் உப்பிவிட்டது.

"இன்னாம்மா இது, அம்மிக்கல்லு போச்சே. இத்த வச்சிகினு நான் இன்னாத்த அரைக்கறது?" என்றார் அம்சவல்லி.

"எதுக்குக்கா அரைக்கணும்? டீயில முக்குங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

அம்சவல்லி எட்டிக் கிடந்து தப்பிய குழவியைத் தனியாக வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார். பிறகு இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு, மாரியம்மன் கோயில் பக்கமாக மட்டும் நடக்க வேண்டாம் கண்ணு, எனக்கு ஒன்னும் இல்ல, ஊரு ஒரு மாதிரி, என்று பக்குவமாகச் சொன்னார். அவளும் அன்றிலிருந்து பால் சொசைட்டி வழியாகச் சுற்றிப் போனாள். தானும் முப்பது வருஷமாகச் சனிக்கிழமை விரதம் இருப்பதாகவும், தனக்கு ஒரு கூழாங்கல்கூட மாறியதில்லை என்றும் அம்சவல்லி சொன்னார். அதில் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. கம்பெனிக்குள் கல் இல்லாததால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை, பாண்டுரங்கன் தவிர. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். கிட்னியில் கல். தண்ணீர் பிடிக்கும் வரிசையில் இசக்கிசெல்விக்குப் பின்னால் நின்றார்; மாலைக்குள் வலி நின்றது. மூன்று நாள் ஏப்பத்தில் பேக்கரி வாசம் வந்ததாக அவரே சொன்னார். மருத்துவச் சீட்டு எதையும் காட்டவில்லை.

வகுப்பில் இதைப் பற்றி இரண்டு வாரம் பேசினார்கள். வனாந்தரத்தில் பசித்திருந்தபோது கற்களை அப்பமாக்கச் சொன்னது சோதனைக்காரன்; ஆண்டவர் ஆக்கவில்லை. இங்கே யாரும் சொல்லாமலே ஆகிறது. அப்படியென்றால் இது யாருடைய வேலை, மற்றவர்கள் தின்னலாமா என்பது கேள்வி. ஆறுமுகநயினார் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். அவரும் அதற்குள் ஆறு தின்றிருந்தார். வகுப்பில் சேராமல், மின்விசிறிக் காற்றுக்காகப் பின்வரிசையில் வந்து உட்காரும் பாண்டிச்செல்விதான் பேச்சை முடித்தாள். "அண்ணாச்சி, பரோட்டாக் கடை வாசல்லயும் வாசம் வரத்தான் செய்யுது. அதுக்காவ கடைக்காரன் பிசாசா? நேந்துக்கிட்டவளுக்கு அது சோதன. எனக்கு அது சாப்பாடு." போதனைப்படி இது சரியா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. ஆனால் வேறு பதில் வராததால் அதையே குறித்துக்கொண்டேன்.

மார்ச் 9-ஆம் தேதி உதிரிபாகம் வரவில்லை என்று லைன் நின்றது. கான்ட்ராக்ட் ஆட்கள் மறு அறிவிப்பு வரும்வரை அறையிலேயே இருக்கச் சொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரின் மெஸ்ஸில். லைன் நின்றாலும் மெஸ் நடக்க வேண்டும் என்பது பேச்சு. ஐந்து நாள் நடந்தது. ஆறாம் நாள் அடுப்பு ரிப்பேர் என்று கதவில் எழுதி ஒட்டிப் பூட்டினார்கள். அதுவரை டீக்குத் தொட்டுக்கொள்ள வந்தவர்கள் அன்றிலிருந்து பசிக்கு வந்தார்கள். மூன்றிலிருந்து ஆறு மணிவரை இசக்கிசெல்வி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் பையில் கல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, வாசம் வந்ததும் எடுத்துப் போவார்கள். அம்சவல்லி கயிறு கட்டி வரிசை விட்டார். இரண்டு நாளில் சுற்றுவட்டாரத்தில் பொறுக்குகிற கல் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் ஒரு லோடு ஜல்லி வந்து வாசலில் கொட்டியது. யாரோ புண்ணியவான் அனுப்பியது என்றார்கள். பிறகு வாரம் ஒன்று வந்தது. வகுப்புக்கு வருகிறவர்கள் பதினொன்றிலிருந்து தொண்ணூறு பேரானார்கள், படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். பசி கூடினால் ரொட்டி கூடுமா என்று அளந்து பார்த்தார்கள். கல் மாறும் தூரம் ஒரு சாண் கூடியது. ஞாயிற்றுக்கிழமையும் உபவாசம் இருந்தால் நல்லது என்று சிலர் மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்கள். அவள் தண்ணீர் குடிப்பதைக்கூட இரண்டு பேர் வருத்தத்தோடு பார்த்தார்கள்.

மார்ச் 30, திங்கள், முப்பத்தைந்தாம் நாள் வகுப்பில் அவள் முறை வந்தது.

"பசி இப்ப ஒண்ணும் பண்ணல பிரதர்" என்றாள். "பழகிட்டு. நான் வெளிய வாரப்ப எல்லாரும் எந்திரிச்சு நிக்காவல்லா, அதுதான் சோதன. நேத்து ஞாயித்துக்கெழம யாரும் எந்திரிக்கல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. வேணும்னே ரெண்டு தடவ வெளிய போய்ட்டு வந்தேன்."

ஆறுமுகநயினார், "அந்தக் கதவுக்குப் பின்னால ஒரு பிளக்ஸ் சுருட்டி வச்சிருக்கேன். பெரிய வெள்ளிக் கூட்டத்துக்கு. சிஸ்டர் படமும் ரொட்டிக் குவியலும் போட்டு, எம் பேரக் கீழ பெருசா அடிச்சிருக்கு. அது என் விழுகை, எழுதிக்கிடுங்க" என்றார். எழுதப்பட்டது. பிளக்ஸை மறுநாள் அம்சவல்லி சிமென்ட் மூட்டைகளை மூடக் கேட்டு வாங்கிப் போனார். இசக்கிசெல்விக்கு எதை எழுதுவது என்று தெரியாததால், ரொட்டிக்கு நேரே 'நின்றார்' என்றும் நாற்காலிக்கு நேரே 'விழுந்தார்' என்றும் இரண்டு வரியாக எழுதினேன். முறைதானா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை, முப்பத்தெட்டாம் நாள், ஜல்லி லாரி வந்தபோது அம்சவல்லி வீட்டில் இல்லை. டிரைவர் சீட்டை இசக்கிசெல்வியிடம் நீட்டிக் கையெழுத்து கேட்டார். அந்தச் சீட்டை நானும் பார்த்தேன். அனுப்புபவர் என்ற இடத்தில் கான்ட்ராக்டரின் முத்திரை. பொருள் என்ற இடத்தில் 'மெஸ் அரிசி' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'ஜல்லி, 1 லோடு' என்று எழுதியிருந்தது. லாரியின் பின்னாலேயே பைக்கில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வசந்தகுமார் வந்திருந்தார். மண்ணூர்க்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"சார், மெஸ்ஸு எப்பத் தொறப்பிய?" என்று இசக்கிசெல்வி கேட்டாள்.

"நீ கீறப்ப மெஸ்ஸு எதுக்கும்மா? ஜனங்க வயிறு நெறையுதா இல்லியா? நான் இன்னா மண்ணா கொட்டினேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேல பேசிகினு வந்துட்டேன். நாப்பது நாளோட நிறுத்தாத. லைன் ஓடுற வரைக்கும் இரு, அப்புறமும் நாங்க சொல்றப்ப இரு. உன்ன பர்மனென்ட் பண்ணிடறோம். இங்க எத்தினி பேரு எத்தினி வருஷமா அதுக்கு காத்துகினு கீறாங்க, உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அவளே காத்திருந்தாள். பர்மனென்ட் என்றால் வேறு நிறச் சட்டை, வேறு பஸ், ஊரில் வேறு பேச்சு. அவள் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குச் சொல்லுதேன் சார் என்றாள். வசந்தகுமார் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

அன்று மாலையும் பெரிய வெள்ளியும் அவள் யாரிடமும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. அறையில் சுவரைப் பார்த்து முழங்காலில் இருந்ததாகவும், முதல் நாள் சத்தமாக அழுததாகவும், இரண்டாம் நாள் தூங்கிவிட்டதாகவும் பாண்டிச்செல்வி சொன்னாள். விடிந்ததும், ஆறு மணிக்குத் தின்ன இரண்டு இட்லி வேண்டும், நீ அவிச்சுத் தருவியா என்று மட்டும் கேட்டாளாம்.

இன்று ஐந்தரைக்கே நூற்றுப்பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். வசந்தகுமாரும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். ரொட்டி வழக்கம்போல வந்தது. கடைசிவரை வாசம் குறையவில்லை. ஆறு மணிக்கு இசக்கிசெல்வி டிபனைத் திறந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பொடி தொட்டு இரண்டு இட்லியையும் நிதானமாகத் தின்று, தண்ணீர் குடித்து, டிபனை மூடிய பிறகுதான் பேசினாள்.

"சார், எனக்கு அது வேண்டாம். நாப்பதுன்னு சொன்னேன், நாப்பது முடிஞ்சுட்டு. திங்கக்கெழம காலைல நான் சாப்பிடுவேன். நீங்க மெஸ்ஸத் தொறங்க."

வசந்தகுமார், யோசித்துப் பேசு, இந்த மாதிரி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது என்றார். அவர் சொன்னது உண்மைதான். வரிசையில் முன்னால் நின்ற மாசானம், நாங்குநேரிக்காரர், பையை மார்போடு பிடித்துக்கொண்டு, "நீ சாப்பிடுவம்மா. நாங்க என்னத்தத் திங்க?" என்றார்.

"நானும் ஒங்க கூடத்தாண்ணே. திங்கக்கெழம தட்ட எடுத்துக்கிட்டு மெஸ்ஸு வாசலுக்குப் போவோம். நான் ரொட்டி தந்துக்கிட்டு இருந்ததுனாலதான் இம்புட்டு நாளும் ஒருத்தரும் போய்க் கேக்கல. அது என் தப்பு."

வாய்க்குள் சிலர் திட்டினார்கள். ஒருவர் இவளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இசக்கிசெல்வி நாற்காலியிலிருந்து எழுந்து, அதைத் தூக்கிச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். அவளுக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை, ஏற்கெனவே எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி போய் அவளுக்குப் பின்னால் நின்று, "தள்ளி நில்லுட்டி, இட்லிப்பொடி நாறுது" என்றாள். அதற்குச் சிலர் சிரித்தார்கள். அம்சவல்லி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

"வசந்து, உங்க ஓனராண்ட போய்ச் சொல்லு. அரிசி வந்தா எறக்கிக்கறேன். இனிமே ஜல்லி வந்தா லாரிய அப்டியே திருப்பிடுவேன். எனக்கு எடமில்ல."

வசந்தகுமார் யாருக்கோ போன் பேசி, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மாசானம் ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்புதான் தன் பையை வைத்திருந்தார். அதில் மேலே இருந்த பாதி ரொட்டியாகவும் கீழே இருந்த பாதி ஜல்லியாகவும் இருந்தது. நடுவில் இருந்த ஒரு துண்டு இரண்டுமாக இருந்தது. அவர் ரொட்டிப் பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் குவியலில் போட்டார். குவியல் திங்கட்கிழமை கல்லாகத்தான் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; குளியலறைக்கு முன்னால் சேறு இருப்பதால் அங்கே பரப்பிவிடலாம் என்று அம்சவல்லி சொன்னார், நான்கு பேர் மண்வெட்டி எடுத்தார்கள்.

நாளை ஈஸ்டர். காலை ஐந்து மணி ஆராதனை முடிந்ததும், மெஸ் திறக்கக் கேட்கும் மனுவில் நூற்றுப்பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பேனா இரண்டு எடுத்துப்போக வேண்டும்.