மூன்றாவது தாலி எருக்கஞ்செடிக்கு

அழகான மாப்பிள்ளை, ஆடிட்டர், மாட்டுங்காவில் சொந்த ஃபிளாட். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் பெண் வீட்டார் வேறு எதையும் விசாரிப்பார்களா? ஸ்ரீலேகாவின் அண்ணன் மாதவ் விசாரிக்கவில்லை. விவாகரத்தாகித் திரும்பி வந்த தங்கை, செம்பூரில் தன் வீட்டு ஹாலில் நாலு வருஷமாகப் படுத்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு அவ்வளவு கடுப்பு. மாப்பிள்ளை வைத்தீஸ்வரனுக்கு நாற்பத்தாறு வயது, மனைவி ஸ்மிதா டெங்குவில் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டதும், “பாவம், நல்ல மனுஷர்” என்று உச்சுக்கொட்டி உடனே தேதி குறித்துவிட்டான்.

ஸ்ரீலேகாவையும் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பத்து வருஷமாக க்ளெய்ம் ஃபைல் பார்க்கிறவள், எந்தத் தாளையும் மூன்று தடவை படிக்காமல் தொடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் அந்த ஆள் பார்த்த பார்வையில் சொக்கிப் போனாள். அவன் விரல் பின்கழுத்தில் பட்டால் போதும், மூளை வேலை செய்யாது. கல்யாணப் பதிவுக்கு என்று அவன் நீட்டிய தாள்களில் ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். இப்போது நினைத்தால் தன்னையே பளாரென்று அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது அவளுக்கு.

கல்யாணமான ஐந்தாவது வாரம் அவன் ஆடிட்டுக்காக மூன்று நாள் புனே கிளம்பினான். சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“எல்லா சாவியும் இதுல இருக்கு, லேகா. அந்தக் கோடி ரூமை மட்டும் திறக்காதே. ஜன்னல் கட்டை உளுத்துப் போயிருக்கு.”

திறக்கக்கூடாத ரூமின் சாவியை யாராவது கொடுத்துவிட்டுப் போவார்களா? சோதித்துப் பார்க்கிறவன்தான் கொடுப்பான். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. புருஷன் சொன்னால் சரி என்று சாவிக்கொத்தை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்த பிரசாதத்தைக் கொடுக்க வாத்தியார் வந்தார். கல்யாணம் செய்துவைத்தவர், நல்ல மனிதர்தான், வாய்தான் நிற்காது.

“ஒரு மாதிரி வாடி இருக்கேளே மாமி! ஒண்ணும் கவலைப்படாதேங்கோ. தோஷமெல்லாம் அந்த எருக்கஞ்செடியோட போயாச்சு. மூணாவது தாலி அதுக்குத்தானே கட்டினார்? நீங்க நாலாவதுன்னா!”

“நாலாவதா?”

“ஸ்மிதா ஒண்ணு, ராஜலக்ஷ்மி ரெண்டு. மூணாவது கல்யாணம் ஆகாதுன்னு உங்க கல்யாணத்துக்கு முதல்நாளே வடாலாவுல செடிக்குத் தாலி கட்டி, கையோட வெட்டியும் போட்டாச்சு. சாக வேண்டியது செத்தாச்சு, இனி உங்களுக்கு ஒரு குறையும் வராது.” அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் வாத்தியாருக்குக் குரல் இறங்கிவிட்டது. “ஐயையோ... அவர் சொல்லலையா?”

காபிகூட வேண்டாம் என்று ஓடினார். மாடிப்படியிலேயே அவர் வைத்தீஸ்வரனுக்குப் போன் போடுவது அவள் காதில் விழுந்தது.

ராஜலக்ஷ்மி யார்? இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தவன் அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே! ஸ்ரீலேகா சாவியை எடுத்துக்கொண்டு நேராகக் கோடி ரூமுக்குப் போனாள்.

உள்ளே ஒரு மேஜை, ஒரு ஜன்னல். கட்டை உளுக்கவில்லை, எருமை மாதிரி திடமாக இருந்தது. கம்பிதான் இல்லை. இந்த ஊரில் கிரில் போடாத ஜன்னல் உண்டா? ஐந்தாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே நேராக சிமெண்ட் தரை.

மேஜையில் மூன்று ஃபைல்கள். ஸ்மிதாவின் ஃபைலில் வேலை ராஜினாமாக் கடிதம், மனநிலை சரியில்லை, தற்கொலை எண்ணம் உண்டு என்று ஒரு டாக்டர் கொடுத்த சர்டிஃபிகேட், பிறகு மரணச் சான்றிதழ். டெங்கு இல்லை, உயரத்திலிருந்து விழுந்து மரணம். ராஜலக்ஷ்மியின் ஃபைலிலும் அதே மூன்று தாள்கள், அதே வரிசை. மூன்றாவது ஃபைலில் ஸ்ரீலேகாவின் பெயர். ராஜினாமாக் கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்து. வாழ்நாளில் அவள் பார்த்தேயிராத டாக்டரின் சர்டிஃபிகேட். மூன்றாவது தாள் மட்டும் இன்னும் வரவில்லை.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். மாதவைக் கூப்பிட்டாள்.

“ரெண்டு கல்யாணம் பண்ணிண்டா அது ஒரு குத்தமா?” என்று எரிந்து விழுந்தான் அண்ணன். “நீ மட்டும் என்ன, முதல் கல்யாணமா? பேப்பரைப் பார்த்துட்டு என்னத்தையாவது கற்பனை பண்ணாதே. இங்க இடம் இல்லை, இப்பவே சொல்லிட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை மானம் போயாச்சு.”

பாவி, போனையும் வைத்துவிட்டான். ஆபீஸ் சிநேகிதி ஷைஸ்தாவுக்குப் படங்களை அனுப்பினாள். பக்கத்துத் தாராவிக்காரி, லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அடுத்த நிமிஷமே கூப்பிட்டாள்.

“ஏய், அங்க நிக்காத டீ! கட்டின துணியோட வெளிய வா. நான் எங்க அண்ணன் அப்துல் ரவூபையும் கூட்டிட்டு வர்றேன், போலீஸுக்கும் சொல்லிடறேன்.”

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். சர்டிஃபிகேட்டுகள், பாஸ்போர்ட் என்று பீரோவைக் குடைந்தது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், அவன் போன் பண்ணுவான், எல்லாம் தப்பு லேகா, நான் சொல்றதைக் கேள் என்பான் என்று அந்தச் சனியன் பிடித்த மனசு காத்துக்கொண்டிருந்தது. ஃபைலைக் கையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று மறுபடி கோடி ரூமுக்குள் நுழைந்தாள்.

அவன் போன் பண்ணவில்லை. புனேயிலேயே இல்லை. வாத்தியார் போன் போட்ட அரை மணியில் வாசல் கதவைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து நின்றான்.

“நீங்க... புனே?”

“தாதர்ல லாட்ஜ்ல இருந்தேன். நீ திறக்கறியான்னு பார்க்கணுமே.” கோபமே இல்லாத குரல்.

“அவா ரெண்டு பேரையும் என்ன பண்ணினேள்?”

“என்னை விட்டுட்டுப் போறேன்னா. ரெண்டு பேருமே. நான் எவ்வளவோ கெஞ்சினேன்.” அவன் கண்கள் நிஜமாகவே கலங்கின. “உன்னை அப்படி விடக்கூடாதுன்னுதான் அந்தச் செடியைக் கட்டிண்டேன். அவா ரெண்டு பேருக்கும் நான் இப்படிப் பரிகாரம் ஒண்ணும் பண்ணலை. நீ உயிரோட இருக்கணும்னு வேண்டிண்டேன், லேகா.”

“அப்போ அந்த ஃபைல்?”

“அது நீயும் போறேன்னு சொன்னா. சொல்லாத வரைக்கும் உனக்கு என்ன?”

கிட்டே வந்து பின்கழுத்தில் விரல் வைத்தான். அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, துப்பினால் அடுத்த நிமிஷம் கீழேதான்.

“நான் எங்க போவேன்? எனக்கு யார் இருக்கா?” என்று அவன் மார்பில் சாய்ந்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது. அவன் அதை அழுகை என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தான்.

வாசல் மணி அடித்தது. அவன் அசையவில்லை. பிறகு கதவு இடிபட்டது.

“ஸ்ரீலேகா! கதவைத் தொற டீ! தொறக்கலேன்னா பில்டிங்கையே கூட்டுவேன்!”

எதிர் ஃபிளாட் கதவு திறந்தது, மேல்மாடியிலிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் கெட்ட பெயர் வருவதை மட்டும் வைத்தீஸ்வரனால் தாங்க முடியாது. கையை எடுத்தான், சட்டையைச் சரிசெய்துகொண்டான், சிரித்த முகத்தோடு போய்க் கதவைத் திறந்தான்.

“வாங்கோ வாங்கோ, காபி சாப்பிடலாம்.”

ஸ்ரீலேகா செருப்புக்கூடப் போடாமல் அவனைத் தாண்டி வெளியே வந்தாள். அப்துல் ரவூப், போலீஸ் வரும்வரைக்கும் நகரமாட்டேன் என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஷைஸ்தா அவளை அணைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

“அழாத டீ, தப்பிச்சிட்ட. காதல் கத்தரிக்கான்னு அவன் சொன்னதெல்லாம் பொய்.”

“பொய் இல்லை, ஷைஸ்தா,” என்றாள் ஸ்ரீலேகா. “நான் உயிரோட இருக்கணும்னு வேண்டிண்டேன்னான். அதை அவன் நிஜமாத்தான் சொன்னான். அதைக் கேட்டப்போ ஒரு செகண்ட் எனக்கு சந்தோஷமா இருந்தது.”